ஆறு போர்டுகள்

“கோடு போட்டதா, போடாததா?”

போன வெள்ளிக்கிழமை, கடையில் நின்று அப்பா என்னைக் கேட்டார். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியவர் நோட்டு வாங்கித் தருகிறார். கோடு போட்டதைத் தொட்டுக் காட்டினேன். இருநூறு பக்கம்.

இந்த வெள்ளிக்கிழமை காலை, அதே கை அம்மாவின் முடியைச் சுருட்டிப் பிடித்தது.

சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதில்தான் ஆரம்பித்தது.

முதலில் சுவர். பிறகு குக்கர் மூடி. பிறகு மறுபடியும் சுவர்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவள் விரல்களைப் பிரித்து, தோட்டைப் பிடித்து இழுத்தார். தோடு அவர் கையோடு வந்தது. காது மடல் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

“இன்னிக்கு வக்கீலைப் பார்க்காம விடமாட்டேன்,” என்றாள் அம்மா, தரையில் கிடந்தபடி. இத்தனை வருஷத்தில் இன்றுதான் அப்படிச் சொன்னாள்.

அப்பா சிரித்தார். கதவைக்கூட அவரே திறந்துவிட்டார்.

“போங்க மகாராணி. எத்தனை வக்கீல் வேணுமோ வெச்சுக்கோ. சாயங்காலம் இங்கதானே வரணும்? மிச்சத்தை அப்ப வெச்சுக்கலாம்.”

அவர் வீசிய தோட்டை அம்மா பொறுக்கினாள். இன்னொரு காதில் இருந்ததையும் கழற்றினாள். ஃபீஸுக்கு ஆகும் என்று இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

நான் துண்டை மடித்து அவள் காதில் அழுத்திப் பிடித்தபடியே நடந்தேன். கை கொஞ்சம் தளர்ந்தாலும் சொட்டியது.

கோர்ட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தெரு. ஊரிலுள்ள வக்கீல்கள் எல்லோரும் அங்கேதான். இன்று மனு போடாவிட்டால் இனி திங்கள்தான். நடுவில் மூன்று ராத்திரி, அவரோடு.

முதல் ஆபீஸில் குமாஸ்தா அப்பாவின் பெயரைக் கேட்டார். டைரியைப் புரட்டினார். மூடினார்.

“இந்தக் கேஸ் எங்களுக்கு வேணாம்மா. காரணம் கேக்காதீங்க.”

இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதில் ஒரு பெண் வக்கீல் தண்ணீர் கொடுத்தார். பெயரைக் கேட்டதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான்காவதில் உட்காரவே சொல்லவில்லை.

ஐந்தாவதில் அம்மா கைக்குட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். தோட்டின் திருகில் தோல் ஒட்டியிருந்தது. அந்த வக்கீல் வெளியே ஓடி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, முடியாது என்றார்.

நான் அம்மாவின் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. வீட்டிலும் நான் அப்படித்தான்.

ஆறாவது ஆபீஸ் மாடியில். அங்கிருந்த கிழட்டு குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“உங்க வீட்டுக்காரர் போன வெள்ளிக்கிழமையே வந்துட்டாரேம்மா. இங்க மட்டுமில்ல, தெரு பூரா. என்னிக்காவது நீங்க கேஸ் போடுவீங்கன்னு எல்லார்கிட்டயும் குடும்ப விஷயத்தைச் சொல்லி, ஃபீஸும் குடுத்துட்டுப் போயிருக்காரு. ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு, அவருக்கே எதிரா நிக்கக் கூடாதும்மா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டு வெடிப்பு திறந்துகொண்டது.

“அவரா? நாலு பேரைக் கேட்டுத்தான் பஸ்ஸே ஏறுவாரு. ஒரு எழுத்து தெரியாது. ஆறு போர்டையும் எப்படிங்க படிச்சாரு?”

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அம்மாவும் திரும்பினாள்.

வீட்டுப் பத்திரம் விஷயம், ஒரு போர்டு விடாமல் படி என்றுதான் போன வெள்ளிக்கிழமை அப்பா சொன்னார். படித்தேன். ஒவ்வொரு வாசலிலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது முடிந்ததும் நேரே கடைக்குப் போனோம்.

இன்று இரண்டாவது ஆபீஸிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா தன் காதிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள். துண்டைத் தானே அழுத்திப் பிடித்தாள். கூட வா என்றுகூடச் சொல்லாமல், படியிறங்கிப் போனாள்.