வெளிநாட்டு இதழில் ஒரு பெயர்

"என் பேருதான் மொதல்ல வரோணும் அம்மணி. அதுல மட்டும் பேச்சே கிடையாது" என்றார் முதல்வர் ஆறுச்சாமி.

குன்னூரில் அவருடைய கல்லூரியிலிருந்து வெளிநாட்டு ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போவது இதுதான் முதல் தடவை. எழுதியவள் சமூகவியல் ஆசிரியை ராஜப்ரியா. விஷயம் காதில் விழுந்ததிலிருந்து ஆறுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் ஓர் இடம் காலி. வெளிநாட்டு இதழில் ஒரே ஒரு கட்டுரை இருந்தால் போதும், அந்த நாற்காலி அவருக்குத்தான். ஆறு வருஷமாக அதற்காக ஏங்கிய மனிதருக்கு, ஆறு வரி எழுதத்தான் நேரமில்லாமல் போய்விட்டது.

"போட்டுரலாமுங்க ஐயா. ஒருக்கா முழுசாப் படிச்சுப் பாத்துருங்க." ராஜப்ரியா, கடைசிப் பகுதி மட்டும் பாக்கியிருந்த இருபது பக்கங்களை மேசைமேல் வைத்தாள்.

"படிக்கறதுக்கு என்ன இருக்குது? எஸ்டேட்டு ஜனங்களைப் பத்தித்தானே எழுதியிருப்ப?"

"அது போன வருஷம் கீழ் கோத்தகிரிக்குப் போயி எழுதுனதுங்க. இது வேறைங்க..."

"எதுவா வேணா இருக்கட்டும். உம்மேல எனக்கு நம்பிக்கை இருக்குது."

அதற்குள் மூக்கில் வியர்த்துவிட்டது துறைத் தலைவர் வசந்த்குமாருக்கு. கதவைத் திறந்துகொண்டே வந்தார்.

"ஏனுங்க, துறைத் தலைவர் பேரில்லாம ஒரு கட்டுரைங்களா? நான் ரெண்டாவதா இருந்துக்கறனுங்க."

"நீங்களும் படிச்சுப் பாத்துருங்க சார்" என்றாள் ராஜப்ரியா.

"நல்லாத்தான் இருக்கும்" என்று பக்கங்களைத் தொடாமலே பாராட்டினார் அவர்.

பின்னாலேயே நூலகர் சாந்தாமணி. "லைப்ரரியில உக்காந்துதானே எழுதுன? மழையில கரண்டு போனப்ப மெழுகுவத்தி ஏத்தி வெச்சது ஆரு? என்னை மட்டும் விட்டுப்போட்டா எப்படி?"

"விடமாட்டனுங்க அக்கா." ராஜப்ரியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். "எம் பேரை அச்சில போட எனக்குச் சம்மதம்னு எல்லாரும் கையெழுத்துப் போடோணுமுங்க. இதையாவது படிச்சுட்டுப் போடுங்க."

பேனாவுக்குத்தான் அடிதடி. முதல்வர் முழுநீளமாக, பட்டங்களோடு போட்டார். அன்று மாலைவரை அவர் யாரையும் திட்டவில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து இதழ் வந்து சேர்ந்தது. ஆறுச்சாமி விழாவே எடுத்துவிட்டார். வாசலில் வாழைமரம், அரங்கம் முழுக்க மாணவர்கள், எல்லாருக்கும் வர்க்கியும் டீயும். சிறப்பு விருந்தினர் வேறு யார்? அந்த ஆய்வுக் குழுவின் தலைவி லோயிஸ் அம்மையாரேதான். அவர் கையால் பிரிப்பதுதான் மரியாதை என்று, தபால் உறையைப் பிரிக்காமல் தாம்பாளத்தில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார் முதல்வர். வசந்த்குமார் புதுக் கோட்டோடு வந்திருந்தார். சாந்தாமணி பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கிலீஷ் வேண்டாமுங்க மேடம். தலைப்பையும் பேருகளையும் தமிழ்லயே சொல்லுங்க. கடைசி பெஞ்சு வரைக்கும் புரியோணும்" என்று கேட்டுக்கொண்டு, மாலைக்கு வசதியாகக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார் ஆறுச்சாமி.

லோயிஸ் அம்மையார் இதழைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல்வரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில் நிதானமாக வாசித்தார்.

"தலைப்பு: 'எழுதாத கட்டுரைக்கு ஆசிரியராக வருபவர்கள்: ஒரு மலைக் கல்லூரியில் நேரடி ஆய்வு'. எழுதியவர், ராஜப்ரியா மட்டும். எழுத்துமூலம் சம்மதம் பெற்று ஆய்வு செய்யப்பட்டவர்கள்: ஒன்று, முதல்வர் ஆறுச்சாமி. இரண்டு..."