ஏழு சோதனையில் பாசான தண்ணீர்

சாயப்பட்டறைக் கழிவிலிருந்து சுத்திகரித்து எடுத்த தண்ணீருக்கு ஹாலோ பிளாக் பட்டறையில் அநியாயம் நடந்தது. ஏழு சோதனையில் பாசாகி, சான்றிதழோடு வந்து நின்ற அதைக் கலவை மெஷின் மூன்று நாளாக உள்ளே விடவில்லை. கல்லில் சேராவிட்டால் அதற்குச் சாக்கடைதான் கதி.

"பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு, தம்பி. ஆனா நீ எங்கேயிருந்து வந்தேன்னு ஊருக்கே தெரியுமே" என்றது மெஷின்.

பக்கத்துக் குழாயிலிருந்த போர்வெல் தண்ணீர் சிரித்தது. "நான் பூமிக்குள்ளேயே பிறந்தவன். என்கிட்ட யாராவது பேப்பர் கேட்டிருக்காங்களா?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றது சாயப்பட்டறைத் தண்ணீர். "போன மாசம் இவரை ஊத்திச் செஞ்ச கல்லைப் பாருங்கண்ணே. அத்தனையும் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து உதிருது. இவரை ஒரு தடவையாவது சோதிச்சீங்களா?"

மெஷின் அந்தக் கற்களைப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"நீ சொல்றது நியாயம்தான். ஆனா பெரியவரைப் போய்ச் சோதனைக்கு வரச் சொன்னா கோவிச்சுக்குவார். உனக்குத்தான் பழகிப்போச்சே, எட்டாவது தடவையும் போயிட்டு வந்துடேன்."