அச்சுவேலி பஸ்

“நத்தாருக்கும் வேலையோ?” என்று விடியற்காலையில் செசிலியா கேட்டாள். “வேதக்கார ட்றைவர்மாருக்குத்தான் லீவாம். ‘சைவக்காரன், உனக்கென்ன நத்தார்’ எண்டு டிப்போவிலை பகிடி பண்ணுறாங்கள். நான் கட்டினது ஆரை எண்டு உவங்களுக்கு மறந்துபோச்சு,” என்றான் கதிரவேலு.

இப்போது மாலை. சாவகச்சேரியில் அவர்கள் வாடகைக்கு எடுத்த அறையின் யன்னலில் மழைக்கால வெளிச்சம் மங்கி நிற்கிறது. பகல் முழுவதும் பெருநாள் சனத்தை ஊர் ஊராக இறக்கிவிட்டு வந்தவன், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மர வாங்கில் சாய்ந்திருக்கிறான். கையில் கேக் துண்டு அப்படியே இருக்க, கண்கள் செருகுகின்றன. தனியாகத் தேவாலயத்துக்கு நத்தார்ப் பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சேலையோடு அவள் கீழே அமர்ந்து, அவனுடைய வீங்கிய பாதங்களை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றுகிறாள். கல்யாணமாகி நாலு மாதம். ‘இனி இந்த வாசல் மிதியாதை’ என்று அவளுடைய அப்பா சொன்ன வீடு, அவன் தினமும் பஸ் ஓட்டிப்போகும் அச்சுவேலி வீதியில்தான் இருக்கிறது. அவள் துணியைப் பிழிகிறாள். வெந்நீர்ச் சட்டியில் தண்ணீர் சொட்டுகிறது.

“இஞ்சாருங்கோ.”

“ம்.”

“நாளைக்கு உங்கடை பஸ்ஸிலை என்னையும் ஏத்திக்கொண்டு போங்கோ. நான் இறங்கமாட்டன். எங்கடை வீட்டடியிலை மட்டும் கொஞ்சம் மெல்லமா ஓட்டுங்கோ. அம்மா வாசல் முத்தத்திலை நிண்டால், ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”