மிஞ்சிய வட்டம்

ஓரம் கலைய ஆரம்பித்திருந்தது.

நிரஞ்சனி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுவில் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் உட்கருதான் முக்கால்வாசி இடம். ஒரு நோயாளியின் தோலாக இருந்தவை; மாதக்கணக்கில் பாடுபட்டுப் பின்னோக்கித் திருப்பியதில், இன்னும் எதுவாகவும் ஆகாத செல்களாகியிருந்தன. இனி நரம்பாகலாம், இதயமாகலாம்.

நோய் இன்னும் வந்து சேராத இடம்.

விளிம்பில்தான் வினை. வெட்டி வைத்ததுபோல் இருக்கவேண்டிய வட்டத்திலிருந்து சில செல்கள் நீண்டு, தட்டையாகி, தம்பாட்டுக்கு வேறு ஏதோவாக மாறி வெளியே கிளம்பியிருந்தன. நாளைக்குள் இந்த மாற்றம் நடுவரை பரவிவிடும். நல்ல பகுதியை இப்போதே வெட்டி, செல் வளர்க்கும் புது டிஷ்ஷுக்கு மாற்றியாக வேண்டும்.

தீபாவளிக்கு அவள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் வருவோர்க்கெல்லாம் விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பில் இருந்தபோது, இங்கே ஷா ஆலம் ஆய்வுக்கூடத்தில் செல்களைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் நின்றுபோனது. அந்த நோயாளியின் செல்களில் பிழைத்தது இந்த ஒரு வட்டம்தான்.

ஊசியை எடுத்தாள். கை ஆடியது.

"இத்தனை கப் கோப்பி ஓ குடிச்சா ஆடாம என்ன செய்யுமாம்?" உதவி ஆய்வாளர் ஷாமினி சிரித்தாள். "குடுங்கக்கா, நான் செய்றேன்."

"வேணாம். நான்தான் செய்யணும்."

"போனா போகட்டும்லா. தோல் கொடுத்தவங்ககிட்ட மறுபடி கேட்டா போச்சு."

ஷாமினிக்கு அவர் யாரென்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் வெறும் ஓர் எண், ஒரு வயது, ஒரு நோய்.

"கேக்க முடியாது."

சொன்ன வேகத்திலேயே ஷாமினி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "ஐயோ, இறந்துட்டாங்களா?"

நிரஞ்சனி இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பற்றினாள். ஊசிமுனை வட்டத்தைத் தொட்டது. வழுக்கியது. ஒரு மூலை கிழிந்தது.

ஷாமினி மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டது.

மறுபடி. இம்முறை உள்ளே தள்ளி, நல்ல செல்களிலேயே கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து ஒரு கோடு. எதிர்ப்பக்கம் இன்னொன்று. துண்டு கழன்று மிதந்தது. ஷாமினி அதைக் குழாயில் உறிஞ்சிப் புது டிஷ்ஷில் இறக்கினாள்.

"பாவம்," என்றாள். "நாப்பது வயசுல பார்கின்சன். இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

"ம்."

நிரஞ்சனி கையுறையைக் கழற்றினாள். கூடவே சட்டைக் கையும் மேலேறிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே மிளகளவில் தோல் வெட்டியெடுத்த ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல். அவசரமாகக் கீழே இழுத்துவிட்டாள். பொத்தானைத்தான் போட முடியவில்லை.

ஷாமினி தழும்பைப் பார்த்துவிட்டிருந்தாள்.

அருகில் வந்து பொத்தானை மாட்டிவிட்டாள்.