ஒரு ஆள் குறையுது

"தங்கச்சி, ஒரு நிமிஷம்! கூட்டத்துக்கு ஒரே ஒரு ஆள் குறையுது!"

நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவியை மூச்சு வாங்க வழிமறித்தார் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர்.

"எனக்கு சங்கத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுண்ணா."

"தெரியவே வேண்டாம். போதுமான ஆள் இல்லாம மூணு தடவை கூட்டம் கலைஞ்சுபோச்சு. நீ வந்து உட்கார்ந்து கையைத் தூக்கு. நான் சொல்ற வரைக்கும் மட்டும் இறக்கிடாதே."

"என்ன தீர்மானம்?"

"எல்லாம் உறுப்பினர்களோட நன்மைக்குத்தான்!"

நமக்காக மனுஷர் இப்படி நாயாய் அலைகிறாரே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"அப்பாடா, இன்னைக்கு ஆள் சேர்ந்தாச்சு," என்று எழுந்தார் செயலாளர். "தலைவரோட ராஜினாமாவை ஏத்துக்கிறவங்க கை தூக்கலாம்."

அவள் திகைத்துப்போய்த் தலைவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். தூக்கிவிட்டாள்.

"தீர்மானம் நிறைவேறியது!"

அவ்வளவுதான். கேன்டீன் புகார், விடுதித் தண்ணீர்ப் பிரச்சினை எல்லாவற்றையும் உதறிவிட்டு, சங்க அறைச் சாவியை மேஜையில் போட்டுவிட்டு, ஒரே ஓட்டமாக வெளியே ஓடினார் முன்னாள் தலைவர்.

"சரி, அடுத்த தலைவரா இருக்க யாருக்கு விருப்பம்? கை தூக்குங்க."

அத்தனை பேரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த நொடி, கடைசி வரிசையைப் பார்த்து அறையே அதிரக் கைதட்டினார்கள்.

அவள் திருதிருவென்று விழித்தாள். கையை இறக்கச் சொல்ல வேண்டியவர்தான் ஓடியே போய்விட்டாரே!