உருக்கமான வகுப்பு

“என்ன வாத்தியாரே, இன்னைக்கு ஒருத்தரும் அழக் காணோம்?” என்று வகுப்பை மேற்பார்க்கும் கிரேஸம்மா பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தாள்.

அவள் கவலை அவளுக்கு. கொச்சி மட்டாஞ்சேரிச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை சுமக்க வந்த தமிழ்க் கூலிகளுக்குச் சபை அங்கேயே நடத்தும் எழுத்தறிவு வகுப்பு அது. போன முறை லாசரு இறந்த பாடத்தைக் கூலிக்காரி பேச்சி வாசித்தபோது, வகுப்பே கண்ணீர் விட்டது. ‘வேதம் கல்நெஞ்சையும் கரைத்தது’ என்று சபைப் பத்திரிகையில் கிரேஸம்மா ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளிவிட்டாள். அதைப் படித்த வெள்ளைக்காரத் துரை, வகுப்புக்குப் படியளக்கிறவர், கப்பலேறி வந்து கைக்குட்டையும் கையுமாக முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

பேச்சியோ மூட்டை எண்ணும் குரலில் லாசருவை அடக்கம் செய்து முடித்தாள். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா” என்ற தேவசகாயம் வாத்தியார், கடைசி வரிசையில் இருந்த கூலியாள் ஒச்சப்பனுக்குக் கண்ணைக் காட்டினார். ஒச்சப்பன் எழுந்து சன்னல்களைச் சாத்தினான். மூலையில் கிடந்த காலிச் சாக்கை எடுத்து நன்றாக உதறி, துரையின் காலடியில் மரியாதையாக விரித்தான்.

“பேச்சி, இன்னொரு தரம் வாசி.”

இரண்டாவது வரியிலேயே வகுப்பு மூக்கை உறிஞ்சியது. துரை தேம்பியபடியே, வகுப்பைத் தொடர்ந்து நடத்தப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார். கிரேஸம்மாவுக்கும் கண்ணீர் தாரைதாரையாக ஓடியது.

“போன தடவைகூட இவ்வளவு உருக்கம் இல்லையே, பேச்சி!”

பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“போன தடவ இங்க கெடந்தது நாட்டு மொளகா, தாயி. இது நேத்து எறங்குன குண்டூர் மொளகால்லா!”