தேய்க்கும் சத்தம்

வேலை போனதிலிருந்து மாசிலாமணியின் மகன் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தான். ஒரு மழைக்காலமே போய்விட்டது. அறை வாசலில் வைக்கும் சோற்றுத்தட்டு காலியாவதை வைத்து அவன் சாப்பிடுகிறான் என்று மாசிலாமணி நம்புவதில்லை. பூனைகூடத் தின்றிருக்கலாம். அவர் நம்பியது ஒன்றைத்தான். மரத்தில் செய்த சின்னக் கப்பலை மடியில் வைத்து, உப்புத்தாள் மாட்டிய கையடக்க மெஷினைப் போட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"காது கிழியுதுப்பா. அந்தக் கப்பலை என்னைக்குத்தான் முடிப்பீங்க?"

"இன்னும் சொரசொரன்னு இருக்குடா."

"பொய். போன மாசமே வழவழன்னு ஆயிருக்கும்."

"வெளிய வந்து தடவிப் பாத்துட்டுச் சொல்லு."

அன்றைய பொழுதுக்கு அவருக்கு அந்தக் குரல் போதும். கப்பல் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. தேய்த்துத் தேய்த்து அதன் பக்கப்பலகை அப்பளம் மாதிரி ஆகி, வெளிச்சம் ஊடுருவியது.

இன்று மெஷினைப் போட்டார். குரல் வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். பலகையில் ஓட்டை விழுந்து, சுழலும் உப்புத்தாள் அவர் கட்டைவிரலில் பட்டது. கையை எடுக்கவில்லை. மெஷினை நிறுத்தினால், அந்தக் கதவுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துபோகும்.